மூட்டம் இறங்கினால் ஆஃப்லைன்: நாகலூர் எஸ்டேட் சோலார், நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் வீடு. 5 கிலோவாட் த்ரீ பேஸ் சோலார், பேட்டரி கிடையாது, ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்கிரிட் வகை. வீட்டைச் சுற்றி சில்வர் ஓக் நிழல் என்பதால் பேனல்களைக் கீழே காபி காயவைக்கும் களத்தை ஒட்டிய ஷெட் கூரையில் போட்டிருக்கிறார்கள், இன்வெர்ட்டரும் அந்த ஷெட் சுவரில்தான். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு அறுபது மீட்டர் இருக்கும். வீட்டு மெயின் போர்டில் ஒரு சின்ன மீட்டர் உட்கார்ந்திருக்கிறது. வீடு எவ்வளவு இழுக்கிறது, லைனுக்கு எவ்வளவு போகிறது என்று அளந்து, ஒரு ஜோடி ஒயர் வழியாக ஷெட்டில் இருக்கும் இன்வெர்ட்டருக்குச் சொல்லும். இன்வெர்ட்டரின் அடியில் செருகிய வைஃபை லாகர் எல்லாவற்றையும் சேர்த்து நெட்டுக்கு அனுப்பும், போனில் ஆப்பைத் திறந்தால் தெரியும்.

நான் சேலத்தில் சோலார் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். இந்த வீட்டு வேலையை விவரமாக எழுதக் காரணம், ஒரே பழுது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டு பழுது இருந்தது, இரண்டும் ஒரே சீசனில் ஆரம்பித்ததால் ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. 2024 பிப்ரவரியில் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம் என்று ஆன பிறகு எத்தனையோ வீடுகளில் பேனல் ஏறியிருக்கிறது. மாட்டிக் கொடுத்துவிட்டு, போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆப்பில் சைபர் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

புகார்

பிளான்ட் போட்ட முதல் வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாம் வருடம் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஆப்பில் முழு நாளும் 'ஆஃப்லைன்' என்று இருக்கும், ஓரிரு நாள் கழித்துத் தானாக வரும், மறுபடி போகும். வீட்டில் இருப்பது வயதான அம்மா, ஆப்பைப் பார்ப்பது பெங்களூரில் இருக்கும் மகள். சைபர் தெரிந்ததும் மகள் போன் செய்வார், அம்மா எஸ்டேட் ரைட்டரை, அதாவது தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்பவரை, ஷெட்டுக்கு அனுப்புவார், ரைட்டர் போய்ப் பார்த்துவிட்டு "லைட்டு எரியுதுங்கம்மா" என்பார், அதோடு அன்றைய விசாரணை முடிந்துவிடும். பிளான்ட் போட்ட கம்பெனி வாரண்டியில் லாகரை மாற்றிக் கொடுத்தது. கொஞ்ச நாள் ஓடியது, திரும்பவும் அதே கதை.

அம்மாவுக்கு ஒரு தெளிவான கருத்து இருந்தது. "மூட்டம் எறங்குனா சிக்னல் மேல வர மாட்டேங்குது தம்பி, நான் கவனிச்சுட்டுத்தான் வர்றேன்." அவர் கவனித்தது உண்மை. காலண்டரில் ஆஃப்லைன் நாட்களைக் குறித்து வைத்திருந்தார், பெரும்பாலும் மழையும் மூட்டமுமான நாட்கள்தான். வாடிக்கையாளர் இப்படிக் குறித்து வைத்திருந்தால் அதைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், எனக்குப் பாதி வேலை அந்தக் காலண்டரில் முடிந்தது.

ஆனால் மூட்டம் வைஃபையை மறைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர், மூட்டத்தில் மிதக்கும் நீர்த்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு. அறுபது மீட்டர் தூரத்தில் அந்த அலைக்கு மூட்டம் ஒரு பொருட்டே இல்லை. நனைந்து தொங்கும் இலைகள் கொஞ்சம் தின்னும், தகர ஷெட் நிறையவே தின்னும். ஆனால் தகரம் வெயில் நாளிலும் அங்கேதான் இருக்கிறது. அப்படியானால் மூட்ட நாளில் வேறு ஏதோ ஒன்று நடக்கிறது.

இரண்டாவது புகார் சின்னதாக, பேச்சோடு பேச்சாக வந்தது: சாயங்காலம் ஆனால் வீட்டுச் செலவைக் காட்டும் கோடு விட்டுப்போகிறது. இதற்குக் கம்பெனியின் பதில், பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் பொழுது சாய்ந்தால் தூங்கிவிடும், அப்புறம் எதுவும் வராது என்பது. பதில் தப்பில்லை. இந்த வகையில் லாகருக்குக் கரண்டு இன்வெர்ட்டரின் உள்ளிருந்துதான் வருகிறது, பேனலில் வோல்ட் இறங்கினால் இரண்டும் சேர்ந்து அணையும், ராத்திரி ஆஃப்லைன் என்று காட்டுவது பழுதே கிடையாது. இதற்காக ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் இந்த வீட்டுக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை.

ஓடுகிறதா, தெரியவில்லையா

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பிரிக்க வேண்டியது இதைத்தான். ஆப்பில் சைபர் என்றால் கரண்டு உற்பத்தி ஆகவில்லை என்று அர்த்தமில்லை, செய்தி வந்து சேரவில்லை என்றும் இருக்கலாம். இன்வெர்ட்டர் திரையில் மொத்த யூனிட் என்று ஒரு எண் இருக்கும், அது இன்வெர்ட்டரின் நினைவிலேயே இருப்பது, நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறும். முந்தின வாரமே ரைட்டரிடம் சொல்லி அந்த எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். நான் போனபோது பார்த்தால் எண் ஏறியிருந்தது. ஆப்பில் சைபர் என்று இருந்த நாட்களிலும் பிளான்ட் ஓடியிருக்கிறது. மகளுக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னதும் அவர் குரலில் இருந்த பதற்றம் பாதி குறைந்தது.

அப்புறம் லாகரின் விளக்குகள். பல கம்பெனி லாகர்களில் ஒரு விளக்கு இன்வெர்ட்டரோடு பேச்சு இருக்கிறதா என்பதையும், இன்னொன்று ரூட்டர் வழியாக வெளியே போகிறதா என்பதையும் காட்டும். இங்கே இன்வெர்ட்டர் பக்க விளக்கு நிலையாக எரிந்தது, நெட் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. அப்படியானால் லாகருக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை, ரூட்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நான் எப்போதும் செய்யும் சோதனை ஒன்று உண்டு, ஒரு பைசா செலவில்லாதது. என் போனில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்து, லாகரை அந்த ஹாட்ஸ்பாட்டோடு இணைத்துப் பார்ப்பேன். இணைந்து சர்வர் வரை போனால் லாகர் நல்லது, கம்பெனி சர்வர் நல்லது, கணக்கு நல்லது. குற்றம் வீட்டு வைஃபையில். இணையவில்லை என்றால் லாகரைச் சந்தேகப்படலாம். லாகரை மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் அந்தக் கம்பெனிக்கு ஒரு லாகர் மிச்சமாகியிருக்கும். நாகலூரில் ஹாட்ஸ்பாட்டில் போட்டதும் நெட் விளக்கு நிலையாக நின்றது, ஆப்பும் உயிர் பெற்றது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று. லாகரின் சொந்த வைஃபையில் போனை இணைத்தால், அதில் இன்டர்நெட் இல்லை என்று போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அமைப்புப் பக்கம் திறக்கவே திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பல லாகர்களில் அந்தப் பக்கத்தின் முகவரி 10.10.100.254. கடவுச்சொல்லில் இடைவெளியோ விசித்திரமான குறியோ இருந்தால் சில லாகர்கள் ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேலம் ஊருக்குள் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான்: ஃபைபர் கனெக்‌ஷன் மாற்றியிருப்பார்கள், புது ரூட்டர், புதுப் பெயர், அல்லது 2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர். லாகருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் காதே கிடையாது. அதைப் போனிலேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

சேனல் 13

நாகலூரில் அவ்வளவு சுலபமாக இல்லை, ஏனென்றால் பெயரும் மாறவில்லை, கடவுச்சொல்லும் மாறவில்லை. வீட்டின் பின்சுவரில் ஷெட்டைப் பார்த்தபடி ஒரு அக்சஸ் பாயின்ட், அதாவது ரூட்டரின் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, மாட்டியிருக்கிறார்கள், நல்ல வேலை. இன்வெர்ட்டர் பக்கத்தில் நின்று என் போனில் அளந்தால் சிக்னல் மைனஸ் 68 டிபிஎம், இது தாராளம். என் போனுக்கு வீட்டு வைஃபை தெரிகிறது. லாகரின் அமைப்புப் பக்கத்தில் சுற்றியுள்ள வைஃபைகளைத் தேடச் சொன்னால் எஸ்டேட்டின் இரண்டு காட்டேஜ் வைஃபைகள் பட்டியலில் வருகின்றன, வீட்டு வைஃபை மட்டும் வரவில்லை. தூரத்தில் இருப்பது கேட்கிறது, பக்கத்தில் இருப்பது கேட்கவில்லை!

போனில் வைஃபை அலசும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். வீட்டு அக்சஸ் பாயின்ட் சேனல் 13-இல் உட்கார்ந்திருந்தது. சேனல் என்பது வைஃபை ஓடும் தடம் மாதிரி, 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல் வரை அனுமதி உண்டு. அமெரிக்காவில் வழக்கமாக 11 வரைக்கும்தான். அந்தக் கணக்கில் அமைத்து வரும் கருவிகள் 12, 13-ஐத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பழுது என்றும் சொல்வதில்லை, அப்படி ஒரு வைஃபை உலகத்திலேயே இல்லை என்பது போல இருந்துவிடும்.

சரி, ஏன் 13-க்குப் போனது? முந்தின சீசனில் எஸ்டேட்டில் விருந்தினருக்கென்று இரண்டு காட்டேஜ் கட்டி, ஆளுக்கொரு ரூட்டர் வைத்திருக்கிறார்கள். அக்சஸ் பாயின்ட் 'ஆட்டோ'வில் இருந்ததால் ஒவ்வொரு முறை கரண்டு போய் வரும்போதும் காலியான சேனலைத் தேடி உட்காரும். காட்டேஜ் வருவதற்கு முன்பு எங்கும் காலி, பிரச்சினை இல்லை. காட்டேஜ் வந்த பிறகு கீழே நெரிசல், சில நேரம் மேலே 13-க்கு ஏறிவிடும். அடுத்த கரண்டு கட்டில் இறங்கி வந்தால் தானாகச் சரியாகிவிட்டது என்று தோன்றும்.

மூட்டத்துக்கும் இதற்கும் இருந்த உறவு இப்போது புரிந்தது. மழையும் காற்றுமான நாளில் மலையில் லைன் மேல் கிளை விழும், கரண்டு போகும், வரும். மூட்டமும் அதே நாளில்தான் இறங்கும். அம்மா பார்த்தது சரி, இரண்டும் சேர்ந்துதான் வந்தன, நடுவில் இருந்த கரண்டு கட்டுதான் கணக்கில் வராமல் போனது. லாகர் மாற்றிய பிறகு கொஞ்ச நாள் ஓடியதும் இதனால்தான். அந்த நாட்களில் அக்சஸ் பாயின்ட் கீழ்ச் சேனலில் இருந்திருக்கிறது.

காட்டேஜ்களை 1-லும் 11-லும், வீட்டை 6-லும் கட்டிப்போட்டேன், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்தேன். ரூட்டருக்கும் அக்சஸ் பாயின்ட்டுக்கும் சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று. முழு நாள் ஆஃப்லைன் அதோடு முடிந்தது.

ராத்திரி எட்டு மணிக்கு வெயில்

சாயங்காலக் கோடு மிச்சம். மகள் அனுப்பியிருந்த ஆப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழி மாதத்துப் படம் ஒன்றில் செலவுக் கோடு ஆறரை மணிக்கு அறுந்திருந்தது, சரி, பொழுது சாய்ந்துவிட்டது. ஆனால் அதே படத்தில் உற்பத்திக் கோடு எட்டு மணியைத் தாண்டிப் போய்த்தான் தரையைத் தொட்டது. மார்கழியில் சேர்வராயன் மலையில் எட்டு மணிக்கு எங்கே வெயில்?

இன்வெர்ட்டரின் கடிகாரத்தைப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் உலக நேரத்திலிருந்து ஐந்தரை மணி, சீனாவின் நேரம் எட்டு மணி, வித்தியாசம் இரண்டரை. ஆலையிலிருந்து கிளம்பும்போது இருந்த நேரத்தை இங்கே யாரும் மாற்றவில்லை. உற்பத்தி காலை ஒன்பதுக்கு மேல் ஆரம்பிப்பதாக ஆப் காட்டியதை வீட்டில் யாரும் சந்தேகப்படவில்லை, "மூட்டம் வெலகவே ஒம்போது ஆயிடும்ல" என்று இருந்துவிட்டார்கள். கடிகாரத்தில் நடு ராத்திரி என்பது உண்மையில் இரவு ஒன்பதரை, அப்போது உற்பத்தி ஏது, அதனால் ஒவ்வொரு நாளின் மொத்த யூனிட்டும் சரியாகவே வந்திருக்கிறது. ஆகவே எங்கும் உறுத்தவில்லை.

கடிகாரத்தைத் திருத்திப் படித்தால் செலவுக் கோடு அறுந்தது ஆறரைக்கு இல்லை, நாலு மணிக்கு. இன்வெர்ட்டர் அப்போது நன்றாக விழித்திருக்கிறது. நாலு மணிக்கு இங்கே என்ன நடக்கும் என்று ரைட்டரைக் கேட்டேன். "அறுவடையில அப்பத்தான் சார் பழம் வந்து சேரும், பல்ப்பர் போடுவோம்." பல்ப்பர் என்பது காபிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின். அதன் மோட்டாருக்கு முந்தின சீசனில்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு டிரைவ் மாட்டியிருக்கிறார்கள்.

ஒயர்

மெயின் போர்டு மீட்டரும் ஷெட்டு இன்வெர்ட்டரும் பேசுவது மோட்பஸ் என்ற முறையில், 1979-இல் மோடிகான் கம்பெனி ஆலைக் கருவிகளுக்காகக் கொண்டுவந்தது. அது ஓடும் ஒயர் முறை ஆர்எஸ்485. ஏ, பி என்று இரண்டு ஒயர், இரண்டுக்கும் உள்ள வோல்ட் வித்தியாசம்தான் செய்தி. வித்தியாசம் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் எதிர்முனை தெளிவாகப் புரிந்துகொள்ளும். இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று முறுக்கியிருந்தால் வெளிச் சத்தம் இரண்டிலும் ஒரே அளவு ஏறி, வித்தியாசத்தில் கழிந்துபோகும். அதனால்தான் மெதுவான வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட இது ஓடும். அறுபது மீட்டர் இதற்கு ஒன்றுமே இல்லை, சரியான ஒயராக இருந்தால்.

இங்கே போட்டிருந்தது முறுக்கே இல்லாத சாதா இரட்டை ஒயர். அதுவும் வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் போகும் மோட்டார் பவர் கேபிளோடு ஒரே பிவிசி பைப்பில். குழி தோண்டும் செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். டிரைவ் என்பது கரண்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் கருவி, அந்த இரைச்சல் அதே பைப்பில் அறுபது மீட்டருக்கும் பக்கத்து ஒயரில் ஏறிக்கொண்டே வருகிறது. டிரைவ் வருவதற்கு முன்பு அரைகுறையாகத் தாக்குப்பிடித்த ஒயர், டிரைவ் வந்ததும் விழுந்தது.

நிரூபிக்க லேப்டாப்பில் ஒரு யுஎஸ்பி ஆர்எஸ்485 கன்வெர்ட்டரைப் போட்டு, இன்வெர்ட்டர் முனையில் நின்று மீட்டரை நேரடியாகக் கேட்டேன், 9600 வேகம், முகவரி 1. டிரைவ் நின்றிருந்தபோது கேட்டதற்கெல்லாம் பதில் சுத்தமாக வந்தது. ரைட்டர் பல்ப்பரைப் போட்டதும் திரையில் சிவப்பு வரிகள், பத்துக்கு ஆறேழு பதில் கெட்டுப்போயிற்று. நிறுத்தினால் உடனே சுத்தம்.

மோட்பஸ் செய்தி ஒவ்வொன்றின் கடைசியிலும் சரிபார்ப்பு எண் இரண்டு பைட் அளவுக்கு இருக்கும். வழியில் ஒரு பிட் கெட்டாலும் அந்த எண் ஒத்துப்போகாது, செய்தியை அப்படியே தூக்கிப் போட்டுவிடும். அதனால் இரைச்சல் ஏறினால் ஆப்பில் தப்பான எண் வராது, வெற்றிடம்தான் வரும். எண் வருகிறது ஆனால் அபத்தமாக வருகிறது, பகலில் ஏற்றுமதி ஆக வேண்டியது இறக்குமதி என்று காட்டுகிறது என்றால் அது ஒயர்ப் பிரச்சினை இல்லை, ஒயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் சிடி வளையத்தைத் திருப்பி மாட்டியிருப்பார்கள், அல்லது பேஸ் மாறியிருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே நிறைய அலைச்சல் மிச்சம்.

வெறும் படத்துக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டார் ரைட்டர். லைனுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று வரம்பு வைத்த பிளான்ட்டாக இருந்தால், மீட்டரின் பதில் நின்றதும் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காக உற்பத்தியையே குறைத்துவிடும், நேரடி நஷ்டம். இந்த வீட்டில் அந்த வரம்பு இல்லை. ஆனால் பல்ப்பர் எவ்வளவு தின்கிறது, அதைச் சாயங்காலம் ஓட்டுவதா மறுநாள் காலையில் ஓட்டுவதா என்று முடிவு செய்ய வேண்டிய அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் கணக்கு குருடாகியிருந்தது. சோலார் வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய நேரமே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

களத்தின் மறுபக்கச் சுவரோரமாகத் தனிப் பைப்பில், ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) போட்ட முறுக்கு ஜோடிக் கேபிள் புதிதாக இழுத்தோம். ஏ, பி இரண்டோடு மூன்றாவதாக ஒரு பொது ஒயரும் சேர்த்தேன், ஏனென்றால் வீட்டுக்கு ஒரு எர்த் குழி, ஷெட்டுக்கு ஒன்று. இரண்டுக்கும் வோல்ட் வித்தியாசம் வரலாம், ஆர்எஸ்485 தாங்குவது மைனஸ் 7-இலிருந்து பிளஸ் 12 வோல்ட் வரைதான். ஷீல்டை இன்வெர்ட்டர் முனையில் மட்டும் எர்த் செய்தேன், இரண்டு முனையிலும் செய்தால் ஷீல்டு வழியாகவே கரண்டு ஓட ஆரம்பித்துவிடும். இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தால் 60 ஓம் பக்கம் காட்ட வேண்டும். முதலில் 120 காட்டியது. மீட்டர் பக்கம் ரெசிஸ்டரைச் சேர்க்கும் குட்டி ஸ்விட்ச் கீழே இருந்தது, அதைத் தள்ளியதும் 61. ஏ, பி எழுத்தை மட்டும் நம்பி ஒயர் போடாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி எது ஏ எது பி என்பது மாறுகிறது. பதிலே வரவில்லை என்றால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அதனால் எதுவும் எரியாது.

டிரைவ் ஓட ஓட லேப்டாப்பில் மறுபடி கேட்டேன், சிவப்பு வரி ஒன்றுகூட இல்லை. அந்த அறுவடை முடியும் வரை மகள் வாரா வாரம் படம் அனுப்பினார், நாலு மணிக்குச் செலவுக் கோடு பல்ப்பரின் சுமையோடு மேலே ஏறி, ஐந்தரை வாக்கில் இறங்கியது.

செய்யாமல் விட்ட வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே தரையில் ஓடும் இந்த டேட்டா ஒயருக்கு இரு முனையிலும் இடி தாங்கி வைக்க வேண்டும், பவர் லைனுக்கு வைத்திருப்பது இதைக் காப்பாற்றாது. சித்திரை மாதத்துக் கோடை இடி ஏற்காட்டில் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பொருளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்து மாட்டும் வரை, இடி மின்னல் கூடும்போது மீட்டர் முனையில் இந்த ஒயர் செருகியிருக்கும் பச்சைக் கனெக்டரை உருவி வைக்கும்படி ரைட்டரிடம் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.